வளர்கிறேனா, வற்றிப்போகிறேனா? இந்தக் காலத்தில் நின்றவர்கள் எழுதுங்கள்

சூரைச்செடி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நாம் சொல்வது புரிகிறது, ஆனால் பேச்சு போய்விட்டது. வீட்டில் அவர்களும் நானும் மட்டும்தான். வேலையை விட்டுவிட்டேன். ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும்.

ஆரம்பத்தில் நான் செய்ததை ஜெபம் என்பதைவிடக் கதறல் என்று சொல்லலாம். உபவாசம் இருந்தேன். சபையார் வந்து ஜெபித்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர், மூன்று மாதத்தில் அம்மா எழுந்து நடப்பார்கள் என்று தீர்க்கதரிசனமாகச் சொன்னார். அந்தத் தேதியை ஜெப நோட்டில் எழுதி வைத்தேன். தேதி வந்தது, போனது. அவர் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

இப்போது கோபம்கூட இல்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து வெறும் எழுத்தாக இருக்கிறது. முழங்காலில் நின்றால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. கஷ்டத்தில்தான் ஆவிக்குரிய வளர்ச்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குள் எதுவும் வளர்வதாகத் தெரியவில்லை, இருந்ததும் குறைந்துவிட்டது போலத்தான் இருக்கிறது. வளர்ச்சி என்று ஒன்று இருந்தால் அது எப்படித் தெரியும்? இல்லையென்றால் இத்தனையும் எதற்கு?

சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். பொறாமை இல்லை. கேட்கத் தெம்பில்லை.

ஆனந்ததைலம்:

பிரதர், சோர்ந்துபோகாதீர்கள். சீன மூங்கில் கதை தெரியுமா? விதைத்து ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றினாலும் மண்ணுக்கு மேல் ஒன்றுமே வராதாம். ஐந்தாம் வருஷம் ஆறே வாரத்தில் எண்பது அடி! அத்தனை நாளும் அது உள்ளே வேர் விட்டுக்கொண்டிருந்தது. உங்களுக்கும் அந்த ஆறு வாரம் வரும், விசுவாசியுங்கள்.

நாற்றங்கால்:

ஆனந்ததைலம் சிஸ்டர், அன்போடு சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அந்தக் கதை உண்மையில்லை. செடி வளர்ப்பதுதான் என் தொழில், அதனால் சொல்கிறேன்.

மூங்கில் விதை போட்டால் சில வாரத்திலேயே முளைத்துவிடும். முதலில் வருவது புல் மாதிரி மெல்லிய தண்டு, பார்த்தால் மூங்கில் என்றே தோன்றாது. அதற்குப் பின்னால் வருவது கொஞ்சம் தடிமனாக இருக்கும், அதற்கும் பின்னால் வருவது இன்னும் கொஞ்சம். மூங்கிலில் கவனிக்க வேண்டியது இது: மண்ணைவிட்டு வெளியே வந்த தண்டு அப்புறம் பருக்காது. என்ன தடிமனில் வந்ததோ கடைசிவரை அதே தடிமன்தான். முதலில் வந்த அந்த ஒல்லித் தண்டுகள் எந்தக் காலத்திலும் பெரிய மூங்கில் ஆவதில்லை. அவற்றின் இலை வெயிலை வாங்கி மண்ணுக்குள் ஓடும் கிழங்குக்கு அனுப்புகிறது. கிழங்கு பலப்படுகிறது. பின்னால் வரும் தண்டு அந்தப் பலத்தில் வருகிறது.

சூரைச்செடி அண்ணா, உங்கள் இரண்டு வாக்கிய ஜெபம் அந்த ஒல்லித் தண்டு மாதிரி எனக்குப் படுகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நீளவே நீளாது. அது எங்கே சேர்கிறது என்பதை நீங்கள் தோண்டிப் பார்க்கவும் முடியாது.

இன்னொன்று. ஏற்கெனவே ஒரு தேதியை நம்பி இவருக்கு வலித்திருக்கிறது. தயவுசெய்து யாரும் இவருக்கு இன்னொரு கணக்கு கொடுக்க வேண்டாம்.

ஆனந்ததைலம்:

தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் பிரதர். எனக்குக் கஷ்டமான ஒரு நேரத்தில் அந்தக் கதைதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. அது நிஜமா என்று யோசித்துப் பார்த்ததே இல்லை.

ஏமானின் பாட்டு:

மாற்கு 4ல், 26 முதல் 29 வரை நாலே வசனத்தில் ஓர் உவமை இருக்கிறது. மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் அது இல்லை. ஒரு மனுஷன் விதைக்கிறான். இரவில் தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான். விதை முளைத்து வளர்கிறது, எப்படி என்று அவனுக்குத் தெரியாது. முதலில் முளை, பிறகு கதிர், பிறகு கதிரில் நிறைந்த தானியம். அவனுக்குத் தெரியவில்லை என்பதை இயேசு ஒரு குறையாகச் சொல்லவே இல்லை. தெரிந்துகொள்ள முயற்சி செய் என்றும் சொல்லவில்லை. அவன் தூங்குவதுகூட அந்தக் கதையில் ஒரு பகுதி. ‘வளர்ச்சி இருந்தால் எப்படித் தெரியும்’ என்று தம்பி கேட்டதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான பதில் இதுதான்: வளரும் நேரத்தில் வளர்கிறவருக்குத் தெரியாமலே இருக்கலாம். கர்த்தரே அதை அப்படித்தான் விவரித்தார்.

சகோதரர்கள் விற்றுப்போட்டு, எகிப்தில் சிறைக்குப் போன யோசேப்பைப் பாருங்கள். நாம் அந்தச் சரித்திரத்தை அரை மணி நேரத்தில் வாசித்துவிடுகிறோம், அதனால் காலம் தெரிவதில்லை. ஆடு மேய்த்தபோது 17 வயது, பார்வோன் முன்னால் நின்றபோது 30. நடுவில் 13 வருஷம். பானபாத்திரக்காரனிடம் ‘என்னை நினைத்துக்கொள்’ என்று கெஞ்சினான். அவன் மறந்துபோனான், அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் முழுசாகச் சிறை. ‘கர்த்தர் யோசேப்போடே இருந்தார்’ என்று ஆதியாகமம் 39 திரும்பத் திரும்பச் சொல்கிறது, சரி. ஆனால் அதைச் சொல்வது யார்? எழுதியவர். வாசிக்கிற நமக்குச் சொல்கிறார். ஆபிரகாமோடும் ஈசாக்கோடும் யாக்கோபோடும் தேவன் நேராகப் பேசியதாக வாசிக்கிறோம். யோசேப்போடு அப்படிப் பேசியதாக ஓர் இடத்திலும் இல்லை. அந்தச் சிறையில் ‘நான் உன்னோடிருக்கிறேன்’ என்று ஒரு சத்தம் கேட்டதாக எழுதப்படவில்லை. நமக்குத் தெரிந்தது அவனுக்குச் சொல்லப்படவில்லை.

வருஷக்கணக்காக அந்த அதிகாரத்தில் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு மிக நெருக்கமானவர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் இது கண்ணில் பட்டது.

என் பெயர் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 88ஆம் சங்கீதம் எஸ்ராகியனாகிய ஏமான் பெயரில் இருக்கிறது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியிலோ நம்பிக்கையிலோ போய் முடியும். 13ஆம் சங்கீதத்தில் முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை ‘எதுவரைக்கும்’ வருகிறது, ஆனால் ஆறாம் வசனத்தில் பாட்டு வந்துவிடுகிறது. 88ல் வரவே இல்லை. எபிரெயு மூலத்தில் அதன் கடைசி வார்த்தை இருள். அந்தப் புலம்பலை யாரும் கிழித்துப் போடவில்லை, பாடகர் தலைவனிடம் கொடுத்து ஆராதனையில் பாட வைத்தார்கள். தம்பிக்கு வார்த்தை வராத ராத்திரியில் அதை அப்படியே எடுத்து வாசிக்கலாம். அதுவும் ஜெபம்தான்.

மெழுகுவர்த்தி:

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். எங்கள் பக்கமிருந்தும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள்.

அன்னை தெரேசா 1997ல் இறந்தார். பத்து வருஷம் கழித்து, 2007ல், அவர் தம் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்தன. அரை நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட, செபத்தில் வெறுமையையும் இருளையும் தவிர அவர் வேறொன்றும் அதிகம் உணரவில்லை என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. இவர் போலியா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றியது. ஆறுதல் உணர்வு ஒன்றும் கிடைக்காமல் அத்தனை வருஷம் தினம் எழுந்து நோயாளிகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவருக்கு அன்பு உணர்ச்சியிலிருந்து வந்திருக்க முடியாது. அதற்கும் ஆழமான ஏதோ இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஸ்பெயின் நாட்டுத் துறவியான சிலுவையின் புனித யோவானை அவருடைய துறவற சபையைச் சேர்ந்தவர்களே 1577 டிசம்பரில் பிடித்துத் தொலேதோவில் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். சுமார் ஒன்பது மாதம். அவருடைய அருமையான கவிதைகளில் சில அங்கே பிறந்தவை. ஆன்மாவின் இருண்ட இரவு என்று அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்த இருட்டைக் கடவுள் விலகிப்போனதாக அவர் பார்க்கவில்லை. வெளிச்சம் மிக அருகில் வந்துவிட்டதால் கண் கூசிப்போகிறது என்கிறார்.

சகோதரர் ராத்திரி எத்தனை தடவை எழுகிறார்? நாலு தடவையா? உங்கள் செபமாலை அந்த அலாரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோமா:

நான் விசுவாசத்தை விட்டுவிட்டவனும் இல்லை, முழுசாகப் பிடித்துக்கொண்டிருப்பவனும் இல்லை. ஒரு கேள்வி மட்டும். யாரையும் புண்படுத்துவதற்காகக் கேட்கவில்லை.

எல்லோரும் இவருடைய வளர்ச்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். படுத்துக்கிடப்பது இவருடைய அம்மா. மகன் ஆவியில் வளர்வதற்காகத் தாயின் பேச்சைப் பறித்தார் என்றால், அப்படிப்பட்ட கடவுளிடம் நான் எப்படி ஜெபிப்பேன்?

திராட்சைக்கொடி:

தோமா பிரதர், நம்முடைய நேரம் வேறு, தேவனுடைய நேரம் வேறு. மிஷனரி வில்லியம் கேரி 1793ல் இந்தியாவுக்கு வந்தார். முதல் ஞானஸ்நானம் 1800 டிசம்பரில்தான். ஏழு வருஷம் கனியே இல்லை. அவர் விட்டுவிட்டுப் போயிருந்தால்? காத்திருந்தவருக்குக் கர்த்தர் பலன் கொடுத்தார்.

வெண்கலக்குத்துவிளக்கு:

திராட்சைக்கொடி தம்பி, அந்த ஏழு வருஷத்தில் டாரதி கேரிக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கேரியின் மனைவி. வரவே மனமில்லாமல் வந்தவர். 1794ல் ஐந்து வயதுப் பையன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். அதற்கப்புறம் அந்த அம்மாவுக்கு மனநிலை சிதைந்துபோனது. 1807ல் இறக்கும்வரை தெளியவே இல்லை. கேரியின் பொறுமையை நாம் பிரசங்கிக்கிறோம், சரியானதுதான். ஆனால் டாரதியின் துயரத்தைக் கேரியின் வளர்ச்சிக்குப் போட்ட உரம் மாதிரிப் பேசினால் அது பாவம் என்று நினைக்கிறேன். தோமா கேட்டது நியாயமான கேள்வி. அவர் கேள்விக்கு நேரத்தைப் பற்றிய பதில் போதாது.

ஏமானின் பாட்டு:

அக்கா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

தோமா, யோபுவின் புத்தகத்தில் 42 அதிகாரம். யோபுவைப் பற்றித் தேவனுக்கும் சாத்தானுக்கும் பரலோகத்தில் நடந்த பேச்சு முதல் இரண்டு அதிகாரத்தில் இருக்கிறது. வாசிக்கிற நமக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவே இல்லை. 38ல் கர்த்தர் பேச ஆரம்பிக்கிறார். காரணம் சொல்லுவார் என்று பார்த்தால் கடலையும் விண்மீனையும் மலையாடு குட்டி போடுவதையும் பற்றிப் பேசுகிறார். ‘உன் பிள்ளைகள் செத்தது உன் வளர்ச்சிக்கு’ என்று ஒரு வார்த்தை இல்லை. அதைவிட, துன்பத்துக்குக் கச்சிதமாகக் காரணம் சொல்லித் தேவனுக்காக வாதாடிய மூன்று நண்பர்களைப் பார்த்துத்தான், நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் முதல் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

புலம்பல் 3:33ஐயும் பாருங்கள். அவர் மனுஷரை மனப்பூர்வமாகச் சிறுமைப்படுத்துகிறதில்லை. ஒரு நகரமே எரிந்து கிடக்கும்போது எழுதிய வார்த்தை அது.

நான் நம்புவது இவ்வளவுதான்: அம்மாவின் நோய் தம்பிக்காகக் கொடுக்கப்பட்ட பாடம் இல்லை. நோய் நோய்தான், தீமைதான். ஆனால் அந்தத் தீமைக்குள்ளும் தேவன் சும்மா இருப்பதில்லை. யோசேப்பு தன் இரண்டாம் பிள்ளைக்கு எப்பிராயீம் என்று பெயர் வைத்தபோது, நான் சிறுமைப்பட்ட தேசத்திலே தேவன் என்னைப் பலுகப்பண்ணினார் என்றான். பலுகிய பிறகும் அந்தத் தேசத்துக்குச் சிறுமையின் தேசம் என்றுதான் பெயர். அவன் அதை மாற்றிச் சொல்லவில்லை.

தோமா:

கடைசி வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கேட்டதற்காக யாரும் என்னை விரட்டவில்லை. நன்றி.

செவிலிமகள்:

நான் நர்ஸ், எலும்பு முறிவு வார்டில் நிறைய வருஷம் இருந்தேன். தியாலஜி எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்.

கை முறிந்தவர்கள் இரண்டு வாரத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அழுவார்கள். முறிவுக்கோடு அப்படியே தெரியும். சில சமயம் முதல் நாளைவிடக் கோடு தெளிவாகவே தெரியும், ஏனென்றால் ஓரத்தில் செத்த எலும்பை உடம்பு அப்புறப்படுத்தியிருக்கும். ‘ஒன்றுமே சேரவில்லையே சிஸ்டர்’ என்பார்கள். ஆனால் அதற்குள் முறிவைச் சுற்றி மென்மையான ஒரு திசு பாலம் மாதிரிக் கட்டத் தொடங்கியிருக்கும். சுண்ணாம்புச் சத்து ஏறும்வரை அது படத்தில் விழாது. விழவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

அப்புறம், சூரைச்செடி தம்பி, அம்மாவைப் பற்றி ஒரு நடைமுறை விஷயம். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் சிலருக்கு, தானாக ஒரு வார்த்தை சொல்ல வராது, ஆனால் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக இருக்கும் பாட்டோ ஜெபமோ கூடவே சொன்னால் வரும். எல்லோருக்கும் வராது. வந்தாலும் பேச்சு திரும்புகிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இன்னொரு ஏமாற்றம் வேண்டாம். ஆனால் முயன்று பாருங்கள். நீங்கள் ஜெபிக்கும்போது மனசுக்குள் ஜெபிக்காமல் அம்மா காதில் விழ மெதுவாகச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் யாராவது கிடைத்தால் ஒருமுறை காட்டுங்கள்.

வெண்கலக்குத்துவிளக்கு:

தம்பி, உங்கள் பெயரைப் பார்த்ததுமே புரிந்தது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றானே, அந்த இடம். அதை நினைத்துத்தான் வைத்தீர்களா என்று நேராகவே கேட்கிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதென்றால் இங்கே எழுதிவிட்டு நிற்காதீர்கள், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஆவிக்குரிய வறட்சி வேறு, மனச்சோர்வு என்கிற நோய் வேறு. இரண்டும் சேர்ந்தும் வரும். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் இல்லை.

எலியாவுக்குக் கர்த்தர் முதலில் என்ன செய்தார்? பிரசங்கம் பண்ணவில்லை, கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். மறுபடி தூங்கவிட்டார். மறுபடி சாப்பாடு. ஓரேப் மலையும் அமர்ந்த மெல்லிய சத்தமும் அதற்கப்புறம் நாற்பது நாள் கழித்து.

நீங்கள் இரண்டு வருஷமாக ஒரு ராத்திரியும் சேர்ந்தாற்போல் தூங்கியிருக்க மாட்டீர்கள். எழுத்து எழுத்தாகத் தெரிவதற்கு அதுவே போதும். நானும் என் கணவரை ஆறு வருஷம் பார்த்தேன், தெரிந்துதான் சொல்கிறேன். சபையில் ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று இனிமேல் கேட்காதீர்கள். ‘வாரத்தில் ஒரு ராத்திரி வந்து அம்மாவைப் புரட்ட ஆள் வேண்டும்’ என்று கேளுங்கள். எப்படிப் புரட்டுவது என்று சொல்லிக் கொடுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும். எனக்கு நாலு வருஷம் ஆனது.

சூரைச்செடி:

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன்.

அக்கா, ஆமாம், அந்த இடத்தை நினைத்துத்தான் வைத்தேன். எதையும் செய்துகொள்ளும் எண்ணம் இல்லை. காலையில் கண் விழிக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும், அவ்வளவுதான். அது ‘அவ்வளவுதான்’ இல்லை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. டாக்டரைப் பார்க்கிறேன்.

கேட்பதைப் பற்றி யோசிக்கிறேன்.

மெழுகுவர்த்தி:

இன்றிரவு உங்கள் அம்மாவுக்காகவும் உங்களுக்காகவும் விழித்திருக்கிறேன்.

சூரைச்செடி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டாக்டரைப் பார்த்தேன், மருந்து தொடங்கியிருக்கிறார். கேட்கவும் கேட்டேன். ஆராதனை முடிந்த பிறகு ஒருவரிடம் மட்டும், வாசலில் நின்று. அவருக்கும் எனக்கும் அதிகப் பழக்கம்கூட இல்லை. ‘சனிக்கிழமை வரட்டுமா’ என்றார், அவ்வளவுதான் பேசினார். வந்தார். தலையணையை முதுகுக்குக் கொடுப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். ஏழு மணி நேரம் தூங்கினேன். எழுந்து ஹாலுக்கு வந்தபோது அவர் அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினார் என்பதைப் பேப்பரில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்தது.

அன்றைக்கு ஜெப நோட்டை எடுத்துப் புரட்டினேன். முதல் ஐம்பது பக்கம் ‘அம்மாவை எழுப்பும்’ மட்டும்தான், பேனா அழுத்தி அழுத்திப் பின் பக்கம்வரை தடம் விழுந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு அப்புறம் சில மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒற்றை வரிகள். ‘இன்றும் வந்தேன்.’ ‘ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை, உட்கார்ந்திருந்தேன்.’ ஓர் இடத்தில் எதிர் வீட்டுப் பிள்ளையின் ஆப்பரேஷனுக்காக ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். அதை எழுதியது எனக்கு நினைவே இல்லை. இதற்குப் பெயர் வளர்ச்சியா என்று நான் சொல்ல மாட்டேன். நாற்றங்கால் தம்பி சொன்ன தண்டு ஞாபகம் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

செவிலிமகள் சிஸ்டர், நீங்கள் சொன்னபடி ராத்திரி புரட்டும்போது பரமண்டல ஜெபத்தை அம்மா காதருகில் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இடது கையால் என் முழங்கையைத் தட்டுவார்கள், அது எப்போதும் செய்வதுதான். போன வியாழக்கிழமை இரண்டு மணி அலாரத்துக்கு எழுந்தபோது தூக்கக் கலக்கத்தில் ‘இன்று எங்களுக்கு’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன், அடுத்தது வரவில்லை. அம்மா ‘தாரும்’ என்றார்கள். குழறித்தான் வந்தது, ஆனால் அந்த வார்த்தைதான். அதற்கப்புறம் இன்றுவரை வேறு எதுவும் சொல்லவில்லை. நீங்கள் எச்சரித்தது நினைவிருக்கிறது, எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டில் தேதி மட்டும் போட்டு வைத்தேன்.

அலாரம் அடிக்கிறது. அம்மாவைப் புரட்டிவிட்டு வருகிறேன்.